தவ்ராத்தின் சட்டம் முஸ்லிமைக் கட்டுப்படுத்துமா?

கேள்வி: மூஸா (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட வேதமான தவ்ராத்தில் (தோராவில்) நேர்வழியும் ஒளியும் இருப்பதாகக் குர்ஆன் சொல்கிறது. 'கண்ணுக்குக் கண்' என்ற சட்டத்தையும் அதிலிருந்தே எடுத்துக்காட்டுகிறது. அப்படியானால் தவ்ராத்தின் மற்றச் சட்டங்களும் முஸ்லிம்களுக்குப் பொருந்த வேண்டாமா? பழைய ஏற்பாட்டில் படிக்கும் ஒரு சட்டத்தை ஷரீஅத்துக்கு, அதாவது இஸ்லாமியச் சட்டத்துக்கு, ஆதாரமாகக் காட்டலாமா? என் மகனுடன் படிக்கும் யூத நண்பர், ஷரீஅத் முழுவதும் தங்கள் சட்டத்தின் நகல் என்கிறாராம். அதற்கு என்ன பதில் சொல்வது? ஹலால் கிடைக்காத இடத்தில் மகன், யூத உணவுச் சட்டப்படி ஆனது என்று காட்டும் கோஷர் முத்திரையுள்ள உணவை வாங்குகிறான். அது கூடுமா?

பதில்: உங்கள் முதல் கேள்விக்குத் தெளிவு கிடைத்துவிட்டால் மற்றவற்றின் முடிச்சும் தானாக அவிழும். அதனால் அதில் சற்று அதிகமாகவே நிற்கிறேன்.

தவ்ராத்தின் சட்டத்தைப் பற்றிக் குர்ஆன் மிக விரிவாகப் பேசும் இடம் அல்மாயிதா அத்தியாயத்தின் 42 முதல் 50 வரையுள்ள வசனங்கள். இவற்றைத் துண்டு துண்டாக மேற்கோள் காட்டுவதால்தான் குழப்பம் வருகிறது. தவ்ராத் கையில் இருக்க, நபி (ஸல்) அவர்களிடம் யூதர்கள் எப்படித் தீர்ப்புக் கேட்டு வருகிறார்கள் என்று 43ஆம் வசனம் கேட்கிறது. நபிமார்கள் அந்த வேதத்தைக் கொண்டே யூதர்களுக்குத் தீர்ப்பளித்தார்கள் என்கிறது 44. கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என்று 'அவர்களுக்கு விதித்தோம்' என்கிறது 45. பிறகு ஈஸா (அலை) அவர்களையும் அவருக்கு அருளப்பட்ட இன்ஜீலையும் சொல்லி, 48இல் குர்ஆனுக்கு வருகிறது. குர்ஆன் முந்தைய வேதங்களை உண்மைப்படுத்துகிறது, அவற்றின் மீது காவலாகவும் இருக்கிறது என்று கூறிவிட்டு, உங்களில் ஒவ்வொரு சாராருக்கும் ஒரு சட்டத்தையும் ஒரு வழிமுறையையும் ஏற்படுத்தினோம் என்று முடிவைச் சொல்கிறது. 44ஐ மட்டும் படிப்பவர், தவ்ராத் முழுவதும் இன்றும் செல்லும் என்று நினைப்பார். 48ஐ மட்டும் படிப்பவர், அதற்கும் நமக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நினைப்பார். இரண்டுமே அரைகுறைப் படிப்பு. ஏகத்துவம், தூதுத்துவம், மறுமை ஆகிய அடிப்படைகளில் எல்லா நபிமார்களின் மார்க்கமும் ஒன்று. எதை உண்ணலாம், யாரை மணக்கலாம், சொத்தை எப்படிப் பிரிக்கலாம் என்ற சட்டங்கள் சமூகத்துக்குச் சமூகம் மாறியிருக்கின்றன.

உஸூலுல் ஃபிக்ஹ் எனப்படும் சட்ட அடிப்படைகள் பற்றிய நூல்களில் இதற்கென்றே 'ஷர்உ மன் கப்லனா', அதாவது நமக்கு முன் வாழ்ந்தோரின் சட்டம், என்று ஒரு பாடம் உண்டு. ஒரு பழைய சட்டத்தை எடுத்துக்கொண்டால் அந்தப் பாடம் முதலில் கேட்பது, அது குர்ஆன் வழியாகவோ ஆதாரபூர்வமான ஹதீஸ் (நபிமொழி) வழியாகவோ நம்மிடம் வந்திருக்கிறதா என்பதைத்தான். வரவில்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வந்திருந்தால், அதை நமக்கும் விதித்திருக்கிறதா, நீக்கியிருக்கிறதா, அல்லது ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோன்பு முதல் வகை: உங்களுக்கு முன்னிருந்தோருக்கு விதிக்கப்பட்டதைப் போலவே உங்களுக்கும் விதிக்கப்பட்டது (2:183). மாடு, ஆட்டின் கொழுப்பு இரண்டாம் வகை: அது யூதர்களுக்குத் தடுக்கப்பட்டிருந்ததை 6:146 விவரிக்கிறது, நமக்குத் தடையில்லை. சனிக்கிழமை ஓய்வும் அப்படியே (16:124). இந்த இரு வகைகளிலும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சிக்கல் மூன்றாம் வகையில்தான். குர்ஆன் ஒரு பழைய சட்டத்தைச் சொல்கிறது, ஆனால் நமக்கு உண்டு என்றோ இல்லை என்றோ தனியாகக் கூறவில்லை. நான்கு மத்ஹபுகளில் (சட்டப் பள்ளிகளில்) ஹனஃபி, மாலிகி அறிஞர்களும் ஹன்பலிகளில் பெரும்பாலோரும் இது நமக்கும் சட்டமே என்கிறார்கள். அல்லாஹ் மறுப்பின்றி எடுத்துச் சொன்னதே போதும், அந்த நபிமார்களின் நேர்வழியைப் பின்பற்றுவீராக என்று 6:90இல் கட்டளையும் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து இதற்கு நேர்மாறானது. இமாம் கஸ்ஸாலியும் ஆமிதியும் அந்தப் பக்கமே நிற்கிறார்கள். நபித்தோழர் முஆத் (ரலி) யமனுக்கு அனுப்பப்பட்டபோது, தீர்ப்புக்கு ஆதாரமாகக் குர்ஆன், சுன்னா (நபிவழி), பிறகு சொந்த ஆய்வு என்று வரிசை சொன்ன ஹதீஸில் தவ்ராத் இல்லையே என்பது அவர்களின் முக்கியச் சான்று. அந்த ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரில் குறை உண்டு என்ற விமர்சனம் இருப்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் சாராரும் தவ்ராத்தைத் திறந்து சட்டம் எடுக்கச் சொல்லவில்லை. குர்ஆனில் வந்துவிட்டதால் அது நம்முடைய சட்டமாகிவிட்டது என்றுதான் சொல்கிறார்கள். நடைமுறையில் வேறுபாடு இன்னும் குறைவு. காணாமற்போன அரசரின் அளவைப் பாத்திரத்தைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம், அதற்கு நான் பொறுப்பு என்ற அறிவிப்பு யூசுஃப் அத்தியாயத்தில் வருகிறது (12:72). பிணைநிற்பதும், வேலையை முடித்தவருக்குப் பரிசு என்று அறிவிப்பதும் கூடும் என்பதற்கு இந்த வசனத்தைக் காட்டுவார்கள். இந்தப் பரிசு ஒப்பந்தத்தை ஏற்பவர்களில் ஷாஃபிஈகளும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஹதீஸிலிருந்து தனி ஆதாரம் எடுத்து, வசனத்தைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். பழைய சட்டத்தை ஆதாரமாக ஏற்கும் ஹனஃபிகளோ வேறு காரணங்களால் அந்த ஒப்பந்தத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே 'இந்தக் கொள்கை, எனவே இந்தத் தீர்ப்பு' என்று நேர்கோடு போடாதீர்கள். ஒவ்வொரு சட்டத்தையும் அதற்குரிய பாடத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட கண்ணுக்குக் கண். 'அவர்களுக்கு விதித்தோம்' என்று வந்த இந்தச் சட்டம் நமக்கும் உண்டு என்பதைச் சுன்னா உறுதிசெய்துவிட்டது. அனஸ் (ரலி) அவர்களின் அத்தை ருபய்யிஃ ஒரு சிறுமியின் முன்பல்லை உடைத்த வழக்கில், அல்லாஹ்வின் வேதம் கூறுவது பழிவாங்கலே என்று நபி (ஸல்) தீர்ப்பளித்தார்கள். பிறகு சிறுமியின் குடும்பத்தார் ஈட்டுத்தொகைக்கு இணங்கினார்கள். குர்ஆனில் பல்லுக்குப் பல் என்பது 5:45இல் மட்டுமே வருகிறது. அதனால் அந்த வசனத்தின் சட்டம் நமக்கும் செல்லும் என்பதற்கு அறிஞர்கள் இந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். இருந்தும் அதன் விரிவில் பிளவு உண்டு. 'உயிருக்கு உயிர்' என்று பொதுவாக வந்திருப்பதால், முஸ்லிம் அரசின் பாதுகாப்பில் வாழும் பிற மதத்தவரைக் கொன்ற முஸ்லிமுக்கும் மரண தண்டனை உண்டு என்பது ஹனஃபி மத்ஹப். ஹதீஸ் தொகுப்பான புகாரியில் வரும் வேறொரு ஹதீஸை வைத்து மற்றவர்கள் அதை மறுக்கிறார்கள்.

யூத சட்டத்தில் இதே வசனம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். யாத்திராகமம் 21, லேவியராகமம் 24, உபாகமம் 19 ஆகிய மூன்று இடங்களில் கண்ணுக்குக் கண் வருகிறது. ஆனால் கண்ணைப் பிடுங்குவது இதன் பொருளல்ல, அதன் மதிப்பைக் கொடுப்பதே பொருள் என்று ரப்பிகளின் (யூத மார்க்க அறிஞர்களின்) சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத் முடிவுகட்டியது. காயப்படுத்தியவர் உறுப்பின் இழப்பு, வலி, மருத்துவச் செலவு, வேலை செய்ய முடியாத காலம், அவமானம் என்று ஐந்து தலைப்புகளில் கணக்கிட்டுப் பணம் தர வேண்டும். ஆனால் கொலைக்கு மட்டும் மீட்புப்பணமே கூடாது என்கிறது எண்ணாகமம் 35:31. ஷரீஅத்தில் இது வேறு விதமாக அமைந்திருக்கிறது. வேண்டுமென்று கண்ணைப் பறித்தால் பழிவாங்கும் உரிமை உண்டு. மன்னிக்கலாம், ஈடும் வாங்கலாம். ஒரு கண்ணுக்கு முழு உயிரீட்டில் பாதியான 50 ஒட்டகங்கள், ஒரு பல்லுக்கு 5. கொலைக்கும் வாரிசுகள் மன்னிக்கலாம், முழு ஈடான 100 ஒட்டகங்களையோ அதன் மதிப்பையோ பெறலாம். கொலையாளி சம்மதித்தால்தான் ஈடு என்பது ஹனஃபி கருத்து, அவர் சம்மதம் தேவையில்லை என்பது ஷாஃபிஈ கருத்து. 2:178 இதை 'உங்கள் இறைவனிடமிருந்து வந்த சலுகை' என்கிறது. இஸ்ரவேலரிடம் பழிவாங்கல் இருந்தது, ஈடு இருக்கவில்லை என்று இப்னு அப்பாஸ் (ரலி) அதற்கு விளக்கம் சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஒரே வாசகம், இரண்டு சட்டங்கள். வாசகம் ஒத்திருப்பதை மட்டும் வைத்துப் பேசுபவர்கள் தவறுவது இங்கேதான்.

இரண்டாவது கேள்விக்கான பதில் இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். பழைய ஏற்பாட்டில் மட்டும் உள்ள ஒரு சட்டம் ஷரீஅத்துக்கு ஆதாரமாகாது. இதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. தவ்ராத் திரிக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தை எல்லோரும் சொல்வதுண்டு. அது மட்டுமே காரணமல்ல. திரிப்பு எழுத்திலா, பொருளிலா, எந்த அளவில் என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. இப்னு ஹஸ்ம் எழுத்திலேயே பெருமளவு திரிந்துவிட்டது என்று கடுமையாக வாதிட்டார். திரித்ததெல்லாம் விளக்கத்தில்தான் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். எந்தக் கருத்தை எடுத்தாலும் இரண்டு தடைகள் நிற்கின்றன. அந்தச் சட்டம் பின்னர் நீக்கப்பட்டதா என்பது அந்த நூலிலிருந்து தெரியாது. மேலும், வேதக்காரர்கள் கூறுவதை உண்மை என்றும் சொல்லாதீர்கள், பொய் என்றும் சொல்லாதீர்கள் என்பது நபிமொழி. இஸ்ரவேலரிடமிருந்து செய்திகளை அறிவிப்பதில் தவறில்லை என்றும் ஹதீஸ் உண்டு. எனவே படிக்கலாம், ஒப்பிடலாம், வரலாறாகச் சொல்லலாம். ஹலால், ஹராம் தீர்ப்பை மட்டும் அதன் மேல் கட்டக்கூடாது.

இதற்கு எதிராக ஒரு சம்பவத்தை உங்களிடம் யாராவது காட்டக்கூடும். மதீனாவில் விபசார வழக்கு ஒன்றை யூதர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தபோது, தவ்ராத்தில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். வாசித்தவர் கல்லெறி தண்டனை உள்ள இடத்தைக் கையால் மறைத்தார், அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) கையை எடுக்கச் சொன்னார், அந்தத் தண்டனையே நிறைவேறியது. தவ்ராத்தை வைத்தே தீர்ப்பளிக்கப்பட்டிருக்கிறதே என்பார்கள். இந்த வழக்கில் வந்தவர்கள் இருவருமே யூதர்கள், தங்கள் வேதத்தை ஒப்புக்கொண்டவர்கள். மணமானவருக்குரிய இந்தத் தண்டனைக்கு இஸ்லாத்தில் இருப்பதும் நிபந்தனை என்று கூறும் ஹனஃபிகளும் மாலிகிகளும், நபி (ஸல்) அங்கே அவர்களுடைய சட்டத்தையே அவர்கள் மீது நிறைவேற்றினார்கள் என்று விளக்குகிறார்கள். அந்த நிபந்தனையை வைக்காத ஷாஃபிஈகள், அது இஸ்லாத்தின் தீர்ப்பே, தவ்ராத்தைக் கேட்டது அவர்கள் மறைத்ததை வெளிப்படுத்தத்தான் என்கிறார்கள். முஸ்லிம்களின் வழக்குக்குத் தவ்ராத்தைப் புரட்டலாம் என்று இரு தரப்பும் சொல்லவில்லை.

நகல் என்ற பேச்சுக்கு வருகிறேன். மகனின் நண்பரிடம் கோபப்பட ஏதுமில்லை. ஒற்றுமைகள் உண்மையானவை, அவற்றை மறைக்கவும் கூடாது. பன்றி, இரத்தம், செத்தது ஆகியவற்றின் தடை, கழுத்தறுப்பு, விருத்தசேதனம், வட்டித் தடை, இரு சாட்சிகள், வேதத்தோடு சேர்த்து வாய்மொழி மரபும் சட்டமாவது, கேள்விக்கு அறிஞர் எழுத்தில் தீர்ப்புச் சொல்வது என்று பட்டியல் நீளும். ஓர் உயிரைக் கொன்றவர் மனிதர் அனைவரையும் கொன்றவர் போலாவார் என்ற கருத்து, கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூத வாய்மொழிச் சட்ட நூலான மிஷ்னாவில் இருப்பதை அவர் காட்டக்கூடும். குர்ஆனும் அதை மறைக்கவில்லை. 'இஸ்ரவேலின் மக்களுக்கு இதை விதித்தோம்' என்று சொல்லித்தான் அதைத் தொடங்குகிறது (5:32). இரண்டும் ஒரே இறைவனிடமிருந்து வந்தவை என்பதே ஒரு முஸ்லிமின் நம்பிக்கை. அதனால் ஒற்றுமை அவருக்கு எதிர்பார்த்த ஒன்று.

ஆனால் நகல் என்பவர், சட்டத்தின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். வாரிசுரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகளை விட்டு இறக்கிறார். எண்ணாகமம் 27இன்படி மகன் இருக்கும்போது மகள் வாரிசு இல்லை. மனைவியும் வாரிசு இல்லை, திருமண ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அவருக்குக் கடனாகச் சேரும். திருமணமாகாத மகளுக்குச் சொத்திலிருந்து பராமரிப்பும் திருமணச் செலவும் ரப்பிகளின் சட்டத்தில் உண்டு. மகன்கள் இருவரானால் தந்தையின் தலைமகனுக்கு இரட்டைப் பங்கு (உபாகமம் 21:17). ஷரீஅத்தில் அதே சொத்தை 24 பங்காக்கினால் மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. தலைமகன் என்ற சலுகையே இல்லை. இறந்தவரின் தாய் உயிரோடிருந்தால் அவருக்கும் ஆறில் ஒரு பங்கு உண்டு. யூத சட்டத்தில் தாய்க்கு மகன் சொத்தில் வாரிசுப் பங்கு கிடையாது.

மணவிலக்கில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. விலக்கப்பட்ட பெண் வேறொருவரை மணந்துவிட்டால், அந்த மணம் முடிந்த பிறகும் முதல் கணவன் அவளைத் திரும்ப மணக்கக்கூடாது என்கிறது உபாகமம் 24:4. மூன்றாம் தலாக்குக்குப் பிறகு அவள் வேறொருவரை மணந்து, அதுவும் முடிந்தாலன்றி முதல் கணவன் அவளைத் திரும்ப மணக்கக்கூடாது என்கிறது குர்ஆன் 2:230. ஒன்றில் தடையாக இருப்பதே மற்றொன்றில் நிபந்தனை. திரும்பச் சேர்வதற்காகவே ஏற்பாடு செய்யும் இடைக்கல்யாணத்தை நபி (ஸல்) சபித்திருப்பதையும் மறந்துவிடக்கூடாது. யூதரின் மணவிலக்கு கையால் எழுதிய பத்திரம் இல்லாமல் நடக்காது. தலாக்கோ சொல்லாலேயே நிகழ்ந்துவிடும். மண உறவிலும் இப்படித்தான்: ஒருவர் தம் சகோதரியின் மகளை மணப்பதைத் தோரா தடுக்கவில்லை, குர்ஆன் 4:23 தடுக்கிறது. பால்குடி உறவால் வரும் மணத்தடையும் யூத சட்டத்தில் இல்லை.

செல்வாக்கு ஒரே திசையில் போனதும் இல்லை. பாக்தாதில் வாழ்ந்த யூத அறிஞர் சஅதியா (882–942) யூத வாரிசுச் சட்டத்தைப் பற்றித் தனி நூலையே அரபியில் எழுதினார். யூத நம்பிக்கையின் 13 அடிப்படைகளை யூத அறிஞர் மைமோனிடெஸ் (1138–1204) வகுத்ததும் அரபியில்தான். அவற்றில் ஒன்பதாவது, தோரா மாற்றப்படாது என்பது. மெய்யான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது: ஓர் இறைச்சட்டத்தைப் பின்னால் வரும் இறைச்சட்டம் நீக்கும் என்பதை இஸ்லாம் ஏற்கிறது, யூத மார்க்கம் ஏற்பதில்லை. இன்னொன்றையும் அந்த நண்பருக்கு நினைவூட்டலாம். தோராவின் 613 கட்டளைகளும் யூதர்களுக்கே, மற்றவர்களுக்கு நோவாவின் ஏழு கட்டளைகள் போதும் என்பது அவர்கள் சட்டம். ஆக, முஸ்லிம் ஒருவர் தோராவின் உணவுச் சட்டத்தையும் சனிக்கிழமையையும் கடைப்பிடிக்கத் தேவையில்லை என்பதில் ரப்பியும் முஃப்தியும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள், காரணம்தான் வேறு.

கடைசியாகக் கோஷர். வேதக்காரர்களின் உணவு உங்களுக்கு ஆகுமானது (5:5) என்பதில் உணவு என்பது அவர்கள் அறுத்ததைக் குறிக்கும். யூத அறுப்பில் பழுதற்ற கத்தி, நிறுத்தாமல், அழுத்தாமல் அறுப்பது, மூச்சுக்குழலும் உணவுக்குழலும் வெட்டுப்படுவது ஆகியவை கட்டாயம். முன்கூட்டியே மயக்கமூட்டுவதை அவர்களின் மரபுவழிச் சட்டம் ஏற்பதில்லை. பிஸ்மியில், அதாவது அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயரைச் சொல்வதில்தான், கேள்வி எழுகிறது. யூதர் தொடர்ந்து பல பிராணிகளை அறுக்கும்போது தொடக்கத்தில் ஒருமுறைதான் இறைவனைப் புகழ்ந்து ஓதுவார். பிஸ்மி சொல்வது சுன்னத்தே (விரும்பத்தக்கதே, கட்டாயமல்ல) என்னும் ஷாஃபிஈ மத்ஹபில் இது தடையாகாது. அறுப்பவரின் வம்சாவளி குறித்து ஷாஃபிஈ நூல்களில் உள்ள நிபந்தனையும் இஸ்ரவேல் வழிவந்த யூதரிடம் எளிதில் நிறைவேறும். ஒவ்வொரு அறுப்புக்கும் அல்லாஹ்வின் பெயர் வேண்டும் என்னும் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள், தொடக்கத்தில் ஓதியது அடுத்தடுத்த பிராணிகளுக்குப் போதுமா என்பதைத் தங்கள் முஃப்தியிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அவர்களில் பேணுதலானவர்கள் அந்த இறைச்சியைத் தவிர்க்கிறார்கள்.

பொட்டலத்தில் வரும் உணவில் மகன் தவறக்கூடிய இடம் இறைச்சியல்ல, மது. கோஷர் என்றால் மது இல்லை என்று பொருளல்ல. திராட்சை மது அவர்களின் வழிபாட்டிலேயே உண்டு. கோஷர் முத்திரையுள்ள இனிப்பிலும் குழம்பிலும் மது சேர்ந்திருக்கலாம். அடுத்தது ஜெலட்டின். எலும்பும் தோலும் முற்றிலும் வேறு பொருளாக மாறிவிட்டன என்று கூறி, முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் ஜெலட்டினையும் அனுமதித்த ரப்பிகள் உண்டு. பெரும்பாலான கண்காணிப்பு அமைப்புகள் அதை ஏற்பதில்லை. முத்திரையில் 'கே' என்ற தனி எழுத்து மட்டும் இருந்தால் எந்த அமைப்பு சான்றளித்தது என்று அறிய முடியாது, அதைச் சான்றாகவே எடுக்க வேண்டாம். 'பார்வே' என்று எழுதியிருந்தால் அதில் இறைச்சியும் பாலும் இல்லை, முட்டையோ மீனோ இருக்கலாம். அறுப்பு பற்றிய சந்தேகம் அங்கே எழாது. சேர்மானப் பட்டியலில் மதுவையும் ஜெலட்டினையும் பார்த்தால் போதும்.

யூத நண்பரை வீட்டுக்கு அழைத்தால் இது மறுபக்கம் பொருந்தாது என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். யூதரல்லாதவர் அறுத்ததை அவர் உண்ணமாட்டார். அவர் உண்ணும் இறைச்சியில் தொடை நரம்பையும் தடுக்கப்பட்ட கொழுப்பையும் நீக்கியிருக்க வேண்டும், அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் வைத்து இரத்தத்தை வடித்திருக்க வேண்டும். பாலோடு இறைச்சியைச் சேர்க்கவும் மாட்டார், ஏற்கனவே இறைச்சி சமைத்த உங்கள் பாத்திரத்தில் சமைத்ததையும் தொடமாட்டார். வெட்டாத பழங்களை வைத்து உபசரித்தால் அவருக்குச் சங்கடம் இராது.